11 வருடம் மூடாமல் கிடந்த குற்ற எண்: வடசென்னையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

"என் மேல் இருக்கும் போலீஸ் பதிவை அழித்துக் கொடுங்கள்" என்று கேட்பதற்கென நம் சட்டத்தில் தனியாக ஒரு மனு கிடையாது. பதிவுகளை அழிப்பதைப் பற்றி நேராகப் பேசுவது சிறார் நீதிச் சட்டம், 2015-இன் 24-ஆம் பிரிவு. அது சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்கு ரத்து, விடுதலை, சமரசம், "மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது" என்று பல வாசல்கள் உண்டு. எந்த வாசல் என்பதைக் கேஸை மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. அந்த ஆள் அடுத்து எந்த அலுவலகத்தில் போய் நிற்கப் போகிறார் என்பதையும் பார்க்க வேண்டும்.

நாங்கள் சில வக்கீல்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் சேர்ந்து, சனிக்கிழமைகளில் கட்டணம் வாங்காமல், இப்படிப்பட்ட பழைய போலீஸ் கேஸ்களைச் சட்டப்படி முடித்துக் கொடுக்கும் வேலையைச் செய்கிறோம். எங்களிடம் வருவதில் பெரும்பாலானவை ஒரே மாதிரி: ஸ்டேஷனில் எழுதி வாங்கி "முடிந்துபோன" கேஸ், பல வருடம் கழித்து உயிரோடு எழுந்து வருகிறது. அப்படி ஒன்றை முழுதாக எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். சட்டத்தையும் நடைமுறையையும் தொடவில்லை.

நடந்தது

2014, ஆடி மாதம். வடசென்னையில் ஒரு தெருவில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழா. கைக்குழந்தைக்குக் காய்ச்சல், மைக் செட் சத்தத்தைக் குறையுங்கள் என்று ஒரு வீட்டுக்காரர் வந்து கேட்டார். வாய்ப்பேச்சு தள்ளுமுள்ளானது. வீட்டுக்காரருக்கு உதடு கிழிந்தது. விழா நடத்திய பையன்களில் ஒருவனுக்கு முழங்கை வீங்கியது. அன்றிரவே வீட்டுக்காரர் புகாரில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஏ1, ஏ2 என்று இரண்டு பேர். பின்னாளில் எங்களிடம் வந்தவர் ஏ1. அப்போது அவருக்கு 20 வயது, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு ஏ.சி. மெக்கானிக்கிடம் கையாளாக இருந்தார். தெருச்சண்டை என்றாலே தமிழ்நாட்டில் வழக்கமாக விழும் மூன்று பிரிவுகள்தான் இதிலும்: இந்திய தண்டனைச் சட்டம் 294(பி), 323, 506(1). அதாவது அசிங்கமாகத் திட்டியது, கையால் அடித்தது, மிரட்டியது.

ரெண்டொரு நாளில் தெருப் பெரியவர்கள் சமாதானம் பேசினார்கள். ஸ்டேஷனில் ஒரு வெள்ளைத்தாளில் "எங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டோம், மேல் நடவடிக்கை வேண்டாம்" என்று எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டது. "இனிமே ஒழுங்கா இருங்கப்பா" என்று அனுப்பிவிட்டார்கள்.

2025 தொடக்கத்தில் அவருக்குக் குவைத்தில் வேலை கிடைத்தது. முதலில் பாஸ்போர்ட்டுக்கான போலீஸ் விசாரணையிலேயே கேஸ் தலைகாட்டி, விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்தப் பகுதி சீக்கிரம் முடிந்தது. பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) தடுப்பது, குற்றவியல் நீதிமன்றத்தில் நடவடிக்கை நிலுவையில் இருக்கும் ஆளை. எஃப்.ஐ.ஆர். போட்டு விசாரணையில் மட்டும் இருப்பது அதில் வராது என்று வெளியுறவு அமைச்சகமே 10.10.2019 தேதியிட்ட குறிப்பாணையில் சொல்லியிருக்கிறது. அதைச் சுட்டிப் பதில் எழுதினோம், பாஸ்போர்ட் வந்தது. ஆனால் குவைத் விசாவுக்கு பி.சி.சி. வேண்டும், அதாவது போலீஸ் தடையின்மைச் சான்று. அங்கே இந்த வாதம் எடுபடவில்லை. பதிவில் கேஸ் இருக்கிறது, எனவே "பாதகமான அறிக்கை".

"அது அப்பவே முடிஞ்சுபோச்சு சார்" என்றார் எங்களிடம். "இப்ப நாங்க ரெண்டு வீடும் கல்யாணம் காதுகுத்துன்னா பத்திரிகை வெச்சுக்கிறோம்."

காகிதத்தில் இருந்தது

இப்படி வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, அன்றைக்கு கையில் கொடுத்த ரசீது சி.எஸ்.ஆர். ரசீதா, எஃப்.ஐ.ஆர். நகலா என்று. சி.எஸ்.ஆர். என்றால் புகாரை வாங்கிப் பதிந்துகொண்டதற்கான ரசீது மட்டும். அந்த நிலையில் சமாதானம் ஆனால் ஸ்டேஷனிலேயே முடித்துக்கொள்ளலாம். எஃப்.ஐ.ஆர். விழுந்து குற்ற எண் ஏறிவிட்டால், அதன் அசல் மாஜிஸ்திரேட்டிடம் போய்விடுகிறது. பிறகு இன்ஸ்பெக்டர் நினைத்தாலும் வாய்வார்த்தையாக முடிக்க முடியாது. ஒன்று குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும், அல்லது கேஸைக் கைவிடுவதாக இறுதி அறிக்கை போட்டு, புகார்தாரருக்கு ஆர்.சி.எஸ். நோட்டீஸ் (கேஸ் கைவிடப்படுவதாகத் தெரிவிப்பது) கொடுத்து, நீதிமன்றம் அதை ஏற்க வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிய சமாதானக் கடிதம் கேஸ் கட்டுக்குள் ஒரு தாள், அவ்வளவுதான்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நகல் மனு போட்டு எஃப்.ஐ.ஆர். வாங்கினோம். கூடவே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு: இந்தக் குற்ற எண்ணில் இறுதி அறிக்கை தாக்கலானதா, ஆனது என்றால் எந்தத் தேதியில்? இந்த மனுவை நாங்கள் எந்தக் கேஸிலும் விடுவதில்லை. "சார்ஜ் ஷீட் போட்டாச்சு, கோர்ட்டில் இன்னும் நம்பர் ஆகல" என்று ஸ்டேஷனில் வாயால் சொல்வதும், எழுத்தில் சொல்வதும் பல நேரம் வேறு வேறாக இருக்கும்.

பதில் வந்தது. "புலன் விசாரணையில் உள்ளது." 11 வருடமாக. அதே பதிலில் இன்னொரு வரியும் இருந்தது: இதன் எதிர்வழக்கான அடுத்த குற்ற எண்ணுடன் சேர்த்து விசாரணையில் உள்ளது.

எதிர்வழக்கு ஒன்று இருக்கும் விஷயமே எங்கள் ஆளுக்குத் தெரியாது. முழங்கை வீங்கிய ஏ2, அன்றிரவு அரசு மருத்துவமனையில் கொடுத்த வாக்குமூலத்தின் பேரில் வீட்டுக்காரர் மேலும் ஒரு எஃப்.ஐ.ஆர். ஆகியிருக்கிறது. கேஸ் ஏன் தூங்கியது என்பதும் இதில் விளங்கிவிட்டது. கேஸும் கவுன்ட்டரும் இருந்தால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, யார் முதலில் கை வைத்தது என்று முடிவு செய்து, ஒன்றில் குற்றப்பத்திரிகை போட்டு மற்றதைக் கைவிட வேண்டும், அல்லது இரண்டையும் கைவிட வேண்டும் என்பது காவல்துறை நிலையாணை 588-ஏ. சமாதானமாகிப் போன சண்டையில் யார் முதலில் அடித்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட யாருக்கு ஆசை? கட்டு அலமாரிக்குப் போய்விட்டது. அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

"ஃபைன் கட்டிட்டுப் போய்டுங்க"

இப்போதைய அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "பழைய கேஸ் எங்களுக்கும் தலைவலிதான். சார்ஜ் ஷீட் போட்டுடறேன். கோர்ட்ல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடுங்க. ஒரே நாள்ல முடிஞ்சிடும்."

இந்த ஆலோசனையை வக்கீல்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். விசா கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அது அமிர்தம் போலக் கேட்கும். எங்கள் ஆளும் "சரி, கட்டிடலாம் சார்" என்றுதான் சொன்னார். நான் வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணம்.

ஒத்துக்கொண்டு கட்டும் ஃபைன், பார்க்கிங் அபராதம் மாதிரியானது அல்ல. அது குற்றத் தீர்ப்பு. தொகை சில நூறு ரூபாயாக இருந்தாலும் "தண்டனை பெற்றவர்" என்ற வரி ஏறிவிடும். இந்த ஃபைனால் பாஸ்போர்ட்டுக்கு ஆபத்து வராது என்பது உண்மை. 6(2)(இ) குறிவைப்பது, ஒழுக்கக்கேடான குற்றத்துக்கு இரண்டு வருடத்துக்குக் குறையாத தண்டனை பெற்றவர்களை. ஆனால் இவருக்குச் சிக்கல் பி.சி.சி.யில். நிலுவையில் ஒரு கேஸ் என்று இருப்பது, தண்டனை என்று மாறும். அது ஒரு முன்னேற்றமா?

இரண்டாவது, இந்தக் கேஸில் குற்றப்பத்திரிகை போடும் காலமே தாண்டிவிட்டது. மூன்று பிரிவுகளில் அதிகபட்சத் தண்டனை 506(1)-க்கு, இரண்டு வருடம். மூன்று வருடம் வரை தண்டனையுள்ள குற்றத்தை மூன்று வருடத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும் என்பது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவு (புதிய சட்டத்தில் 514). 2017 ஆடியோடு அந்தக் கெடு முடிந்தது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கப் போலீசுக்கு வழி உண்டு, ஆனால் அதற்குக் காரணம் காட்ட வேண்டும். கோர்ட்டில் போய் "ஒத்துக்கறேன்" என்று சொல்வது, கையில் இருக்கும் துருப்புச் சீட்டை எதிராளியிடம் கொடுத்துவிட்டு ஆட்டத்தில் உட்காருவது.

எனக்குப் பிடித்த வழி, இரண்டு கேஸையும் கைவிடும் இறுதி அறிக்கைதான். செலவில்லை, உயர் நீதிமன்றம் வரை போக வேண்டாம், பெயர் எங்கும் வெளியே வராது. இன்ஸ்பெக்டருக்கும் துணை ஆணையர் அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்தோம். "பார்க்கலாம்" என்ற பதிலைத் தாண்டி ஒன்றும் நகரவில்லை. 11 வருடத் தாமதத்துக்கு விளக்கம் எழுதும் ஆளாக இருக்க யாரும் தயாரில்லை. அதை ஒரு அளவுக்குப் புரிந்துகொள்ள முடிகிறது.

மீதி இருந்தது உயர் நீதிமன்றம். இந்தப் பிரிவுகளில் 323-ஐயும் 506(1)-ஐயும் மாஜிஸ்திரேட் முன்பே சமரசம் செய்துகொள்ளலாம். 294(பி) அந்தப் பட்டியலில் இல்லை. அந்த ஒரு பிரிவுக்காகவே இந்த மாதிரிக் கேஸ்கள் உயர் நீதிமன்றம் இருக்கும் பாரிமுனை வரை வருகின்றன. சமரசப் பட்டியலில் இல்லாத குற்றமானாலும், தனிப்பட்ட தகராறாக இருந்து இருதரப்பும் தீர்த்துக்கொண்டால் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்று 2012-இல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொலை, பாலியல் வன்முறை போன்றவற்றுக்கு அது பொருந்தாது.

பெரும்பாக்கம்

அதற்குப் புகார்தாரர் வேண்டும். அவர் தெருவே இப்போது இல்லை. கால்வாய் ஓரத்து வீடுகளை எடுத்தபோது பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போய்விட்டார். எட்டாவது மாடி. நாங்கள் போனபோது லிஃப்ட் ஓடவில்லை.

"இன்னாபா, இன்னுமா ஓடுது அந்த கேஸு?" என்று சிரித்தார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "வாபஸ் வாங்குனா நாம பொய் கேஸ் குடுத்தோம்னு ஆயிடாதா தம்பி?" என்று என்னைக் கேட்டார். நியாயமான பயம். சமரச மனுவில் "சம்பவமே நடக்கவில்லை" என்று எழுத மாட்டோம், நடந்தது, தீர்த்துக்கொண்டோம் என்றுதான் எழுதுவோம் என்று விளக்கினேன். வேறு இடங்களில் சில வக்கீல்கள் "தவறான புரிதலால் கொடுத்த புகார்" என்று எழுத வைக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை.

அப்புறம்தான் அடுத்த குற்ற எண்ணைப் பற்றிச் சொன்னேன். அதில் ஏ1 அவர்தான். அவர் முகம் மாறியது. மகன் டிப்ளமோ முடித்துவிட்டு அரசுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அப்பா மேல் கேஸ் இருந்தால் அவனுக்குப் போய்விடுமா? படிவம் கேட்பது விண்ணப்பிப்பவர் மேல் உள்ள கேஸைத்தான், அப்பாவின் கேஸை வைத்து அவனை நிராகரிக்க முடியாது என்று சொன்னேன். நம்பின மாதிரி தெரியவில்லை. ஒருவர் கேஸை முடிப்பதற்குக் கையெழுத்துக் கேட்டு வந்த இடத்தில், எங்களுக்கு இரண்டாவது கட்சிக்காரர் கிடைத்துவிட்டார்.

இதில் ஒரு தொழில் தர்மம் இருக்கிறது. எதிரெதிர் தரப்பு இரண்டுக்கும் ஒரே வக்கீல் வக்காலத்து போட முடியாது, சமாதானமே ஆகியிருந்தாலும். எங்கள் குழுவிலும் இல்லாத ஒரு மேடத்திடம் போய் நிலைமையைச் சொன்னேன். பெரும்பாக்கத்துக்காரரின் மனுவை அவர் பார்த்துக்கொண்டார், கட்டணம் வாங்காமலே.

இதையெல்லாம் ஏன் தன்னார்வலர்கள் செய்ய வேண்டும், அரசு இலவச சட்ட உதவி இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் வருமானம் பார்க்காமலே கேட்கலாம். 15100-க்குப் போன் செய்யலாம். உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. அங்கே நல்ல வக்கீல்களும் உண்டு. ஆனால் அந்த ஏற்பாட்டில் கிடைப்பவர் கேஸை நடத்தும் வக்கீல். நகல் பிரிவுக்கு நடப்பது, புகார்தாரரைத் தேடி எட்டு மாடி ஏறுவது, உத்தரவு வந்தபிறகு ஸ்டேஷனில் போய் நிற்பது, இதெல்லாம் யார் வேலையும் இல்லை. எங்கள் நேரத்தில் பெரும்பகுதி அதற்குத்தான் போகிறது.

பாரிமுனையில்

இரண்டு மனுக்களும் 2025-இல் போட்டவை. எனவே புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவு, கேஸை ரத்து செய்யக் கேட்கும் பழைய 482-க்கு வாரிசு. குற்றம் நடந்தது 1.7.2024-க்கு முன் என்பதால் பிரிவுகள் மட்டும் பழைய தண்டனைச் சட்டத்திலேயே இருக்கும். ஏ2-வையும் மனுதாரராகச் சேர்த்தோம். ஒருவர் மட்டும் ரத்து வாங்கினால் குற்ற எண் மற்றவர் பேரில் உயிரோடு இருக்கும். பிறகு ஸ்டேஷன் எழுத்தருக்கு விளக்கி மாளாது.

காரணங்களில் கால வரம்பை முதலிலும் சமரசத்தை இரண்டாவதாகவும் எழுதினோம். இரண்டு மனுவும் ஒரே நாளில் பட்டியலில் வந்தன. ஆதார் நகலோடு எல்லோரும் நேரில் வந்தார்கள், சப்-இன்ஸ்பெக்டர் அடையாளம் காட்டினார். நீதிபதி தமிழில் கேட்டார்: யாரும் வற்புறுத்தவில்லையே? "இல்லீங்கய்யா, தம்பி எங்க தெருப்புள்ளதான்" என்றார் பெரும்பாக்கத்துக்காரர். உத்தரவு சமரசத்தின் பேரிலேயே வந்தது. கால வரம்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஏற்கெனவே வாசல் திறந்திருக்கும்போது நீதிமன்றம் இன்னொரு பூட்டைத் திறந்து பார்க்காது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் கூலி போனது.

உத்தரவுக்கு அப்புறம்

சினிமாவில் இங்கே படம் முடிந்துவிடும். நடைமுறையில், உயர் நீதிமன்ற உத்தரவு தானாக நடந்து போய் ஸ்டேஷன் கணினிக்குள் உட்காராது. சான்றிட்ட நகல் வாங்கி, ஸ்டேஷனுக்கு ஒன்று, மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு ஒன்று, துணை ஆணையர் அலுவலகத்துக்கு ஒன்று என்று ஒப்புகையோடு கொடுத்தோம். அதற்குள் அவசரப்பட்டு அவர் பி.சி.சி.க்கு மறுபடி விண்ணப்பித்துவிட்டார். மறுபடியும் அதே பாதகமான அறிக்கை. சி.சி.டி.என்.எஸ். (போலீஸின் குற்றப்பதிவுக் கணினி வலையமைப்பு) திரையில் இன்னும் "விசாரணையில்" என்றே இருந்தது.

ஸ்டேஷன் ரைட்டர் நல்ல மனிதர். "உத்தரவு கட்டுல இருக்கு சார், ஏத்தணும், நேரம் இல்ல" என்றார். பந்தோபஸ்து டூட்டி முடித்துவிட்டு வந்திருந்தார், சட்டை முதுகில் வேர்வை உப்பாகக் காய்ந்திருந்தது. ஒரு மாணவி பக்கத்தில் உட்கார்ந்து மனு எண்ணையும் தேதியையும் படிக்க, அவர் இரண்டு விரலால் தட்டினார். முதல் குற்ற எண் முடிந்ததும் எழுந்தவரை, "சார், அடுத்த நம்பரும்" என்று உட்கார வைத்தாள். திரையில் ரத்து என்று வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் கிளம்பினாள். அடுத்த விண்ணப்பத்தில் பி.சி.சி. வந்தது. முதல் குவைத் வேலைக்கு அதற்குள் வேறு ஆள் போயிருந்தார். ஏஜென்ட் வேறொன்று பார்த்துக் கொடுத்தார்.

இன்னொரு விளைவை அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தோம். மனு போடும்வரை இந்தக் கேஸ் இணையத்தில் எங்கும் இல்லை. இப்போது உயர் நீதிமன்ற உத்தரவு அவர் பெயரோடு இருக்கிறது, தேடினால் கிடைக்கும். விடுதலையான ஒருவர் தீர்ப்பிலிருந்து தன் பெயரை நீக்கக் கேட்டு இதே நீதிமன்றத்தில் போராடியிருக்கிறார். (பெயரை எடுக்கச் சொல்லிக் கேட்டவர் பெயரை நான் எழுதுவது நன்றாக இருக்காது.) 2021-இல் தனி நீதிபதி மறுத்தார், 2024 பிப்ரவரியில் டிவிஷன் பெஞ்ச் அனுமதித்தது, அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. "என் பேரை யாரு சார் கூகுள்ல தேடப்போறாங்க, பி.சி.சி. வந்தா போதும்" என்றார் இவர். பின்னணி சரிபார்க்கும் கம்பெனிகளைப் பற்றிச் சொன்னேன். யோசித்துவிட்டு அதையே திரும்பச் சொன்னார். முடிவு அவருடையது.

இதே கேஸ் வேறொருவருக்கு

போலீஸ் வேலைக்குப் போகிறவராக இருந்தால், சமரசத்தை இரண்டாவது காரணமாகக்கூட எழுதத் தயங்கியிருப்பேன். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும் கிரிமினல் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கொள்ளச் சொல்கிறது தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)-யின் விளக்கம். 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு அதை ஏற்றது. கௌரவமான விடுதலை, அல்லது "பிழையான தகவல்" என்று முடிந்த புகார் என்றால்தான் அங்கே பயன். அப்படிப்பட்டவருக்குக் காலதாமதமானாலும் கேஸின் உள்ளடக்கத்தில் மோத வேண்டும். மறைக்கலாமா என்று கேட்கும் பையன்களுக்கு ஒரே பதில்: மறைக்காதே. சின்னக் கேஸைச் சொன்னவரை எடுத்துக்கொள்ள அதிகாரிக்கு இடமிருக்கிறது, மறைத்தவரை நீக்க அந்த மறைப்பே காரணமாகிவிடும். 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது இதைத்தான்.

கல்லூரி நாளில் மறியலில் உட்கார்ந்தவர்கள் மேல் இருக்கும் 143 (சட்டவிரோதமாகக் கூடியது), 188 (அரசு ஊழியர் உத்தரவை மீறியது) கேஸ்கள் இதைவிடச் சுலபம். 188-க்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு நடத்த முடியாது, சம்பந்தப்பட்ட அரசு ஊழியர் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்று 2018-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஜீவானந்தம் வழக்கில் சொன்னதை வைத்து நிறைய ரத்தாகியிருக்கின்றன.

இந்தக் கேஸுக்குப் பிறகு எங்கள் சேர்க்கைப் படிவத்தில் இரண்டு கேள்விகள் கூடியிருக்கின்றன: அன்றைக்கு எதிர்த்தரப்பில் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனார்களா, புகார் கொடுத்தவர் இப்போது எங்கே குடியிருக்கிறார். பெரும்பாக்கத்துக்காரரின் மகனுக்கு, அவன் கேட்டபடியே, இரண்டு உத்தரவுகளின் நகலையும் லேமினேட் செய்து அனுப்பினோம். சட்டப்படி அவனுக்கு அது தேவையில்லை என்று மறுபடியும் சொல்லித்தான் அனுப்பினோம்.